மே மாதம் சுட்ட கரடி, ஜூலையில் வந்த காய்ச்சல்: ஒரு வசந்தகால வேட்டையின் நிகழ்வு ஆய்வு

2022 மே மாதம் கனடாவின் வடக்கு சஸ்காட்சுவானில் ஒருவர் ஒரு கருங்கரடியைச் சுட்டார். இறைச்சி வீட்டு ஃப்ரீசருக்குப் போனது. 45 நாள் கழித்து, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் சொந்தபந்தமெல்லாம் சில நாள் ஒன்றாகத் தங்கியிருந்தபோது அதை வெளியே எடுத்து, காய்கறியோடு கபாப் சுட்டுச் சாப்பிட்டார்கள். அரிசோனா, மினசோட்டா, தெற்கு டகோட்டா என்று மூன்று மாநிலத்து ஆட்கள், மொத்தம் ஒன்பது பேர். அவர்களில் ஆறு பேருக்கு ட்ரிக்கினெல்லா என்ற உருளைப்புழுவால் வரும் நோய் வந்தது, மூன்று பேர் மருத்துவமனையில் படுத்தார்கள். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் கரடிக்கறியை வாயிலேயே வைக்கவில்லை, கூடச் சுட்ட காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2024 மே மாதம் தன் வார அறிக்கையில் வெளியிட்ட நிகழ்வு இது. அப்போது சில செய்தித் தலைப்புகள் மூளையில் புழு என்ற அளவுக்குப் போயின, ஆனால் இந்தப் புழு குடியேறுகிற இடம் தசை. பரபரப்பை ஒதுக்கிவிட்டுப் படித்தால் இதில் யாரும் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை. எல்லாப் படியிலும் ஏதோ ஒரு விதியைப் பின்பற்றியிருக்கிறார்கள். அந்த விதிகள் வேறு விலங்குக்கு உரியவை, அதுதான் சிக்கல். வேட்டை சரியா தவறா என்ற பஞ்சாயத்தை இங்கே எடுக்கவில்லை. காட்டில் அவ்வளவு சரிபார்க்கிறவர்கள் அடுப்படிக்கு வந்ததும் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் காடு.

சஸ்காட்சுவானில் வசந்தகாலக் கரடி வேட்டை ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை நடக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் உரிமம் பெற்ற வேட்டை ஏற்பாட்டாளர் மூலமாகத்தான் வருகிறார்கள், தங்குமிடம், படகு, வழிகாட்டி எல்லாம் அவர் பொறுப்பு. வடக்கே அடர்ந்த காடு, ஏரிகள், சதுப்பு. மலைச்சரிவில் நின்று எதிர்ச்சரிவைப் பைனாகுலரில் அலசுகிற மொன்டானா பாணி வேட்டை அங்கே எடுபடாது, ஐம்பது அடிக்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத காடு அது. அதனால் இரை வைத்துக் காத்திருப்பதுதான் வழக்கம். 200 லிட்டர் இரும்பு பேரல் ஒன்றை மரத்தோடு சங்கிலியால் கட்டி, அதில் ஓட்ஸ், பழைய ரொட்டி, பொரித்த எண்ணெய் என்று போட்டு வைப்பார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தில் பரண். மே, ஜூனில் அங்கே இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கரடி வருவது பெரும்பாலும் அந்தக் கடைசி இரண்டு மூன்று மணி நேரத்தில்தான். அதுவரை கொசுவுக்கு ரத்த தானம் செய்துகொண்டு, அசையாமல், காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் கவனித்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் கரடியின் மூக்குக்கு மனித வாடை எட்டிவிட்டால் அன்றைய பொழுது முடிந்தது.

ஏன் வசந்தம்? ஆண் கரடிகள்தான் குகையிலிருந்து முதலில் வெளியே வருகின்றன. அந்த ஆண்டு குட்டி போட்ட தாய்க்கரடிகள் கடைசியாக வரும். குட்டிகள் ஜனவரி, பிப்ரவரியில் குகைக்குள்ளேயே பிறக்கும், பிறக்கும்போது அரை கிலோகூட இருக்காது, வெளியே நடமாடத் தாய்க்குப் பின்னால் ஓட வேண்டும் என்றால் நாளாகும். அதனால் பருவத்தின் தொடக்கத்தில் கண்ணில் படுவதில் ஆண்கள் அதிகம். தோலும் அப்போதுதான் அடர்த்தியாக இருக்கும். ஜூனில் கரடி மரத்தில் உரசி உரசித் திட்டுத்திட்டாக முடி கொட்டிவிடும். இறைச்சியும் வசந்தத்தில் நன்றாக இருக்கும் என்று வேட்டைக்காரர்கள் சொல்வார்கள், புல்லும் தளிரும் டான்டலியன் பூவும் தின்று திரிகிற காலம் என்பதால். அது உண்மைதான். ஆனால் அதே கரடி அதே வாரத்தில் குளிர்காலத்தில் செத்துக் கிடக்கிற மூஸ், மான் பிணங்களையும் தேடித் தின்னும், சமயத்தில் இன்னொரு கரடியின் பிணத்தையும் விடாது. ஊன் தின்னிகளின் தசையிலிருந்து இன்னொரு வயிற்றுக்குப் போவதுதான் இந்தப் புழுவின் பிழைப்பு. "புல் தின்ற கரடி, சுத்தமான கறி" என்கிற பேச்சில் இந்தப் பாதி விட்டுப்போகிறது.

பரணில் இருவராக உட்காருகிறவர்கள் உண்டு. ஒருவர் சுடுவார், ஒருவர் பார்ப்பார். இந்தப் பார்க்கிற ஆளின் வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குறைத்து மதிப்பிடுவார்கள். குட்டியோடு இருக்கும் தாய்க்கரடியைச் சுடக் கூடாது என்பது வட அமெரிக்காவில் வசந்தகால வேட்டை நடக்கிற இடங்களில் பொதுவான சட்டம். ஆனால் தாய்க்கரடி பேரலுக்கு வரும்போது குட்டிகளை நாற்பது ஐம்பது அடி தள்ளி ஒரு மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியாக வரலாம். சுடப் போகிறவரின் கண் துப்பாக்கித் தொலைநோக்கிக்குள் இருக்கும், இதயம் காதுக்குள் அடிக்கும், அவர் மரத்து உச்சியைப் பார்க்க மாட்டார். கூட்டாளிதான் பார்க்க வேண்டும். "இரு, அஞ்சு நிமிஷம் பார்ப்போம்" என்று சொல்கிற ஆள் அவர். இது சின்ன விஷயமே இல்லை. ஒன்டாரியோ மாகாணம் 1999-இல் வசந்தகால வேட்டையை மொத்தமாக நிறுத்தியதற்குச் சொல்லப்பட்ட காரணமே தாயை இழந்த குட்டிகள்தான். 2014-இல் சோதனை முறையில் திரும்பக் கொண்டுவந்து, 2021-இல்தான் நிரந்தரமாக்கினார்கள்.

அளவு கணிப்பதும் இருவர் வேலை. கரடிக்கு மானைப் போலக் கொம்பு கிடையாது, தனியாக நிற்கிற கறுப்பு உருவம் எல்லாமே பெரிதாகத் தெரியும். பேரல் இங்கேதான் உதவுகிறது. நின்ற நிலையில் பேரலின் உயரம் ஏறக்குறைய 88 சென்டிமீட்டர். நாலு காலில் நிற்கிற கரடியின் முதுகு அதன் விளிம்புக்குப் பக்கத்தில் வந்தால் அது வளர்ந்த ஆண். காது தலைக்கு மேலே நெருக்கமாக, பெரிதாகத் தெரிந்தால் இளசு. காது சின்னதாகி இரண்டு பக்கமும் விலகித் தெரிந்தால், காது சின்னதாகவில்லை, தலை பெரிதாகியிருக்கிறது என்று அர்த்தம்.

சுட்ட பிறகும் இரண்டாவது ஆள் தேவை. கரடியின் அடர்ந்த முடி ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு குண்டு போன துளையை அடைத்துக்கொள்ளும், தரையில் தடயம் மிகக் குறைவாகவே விழும். இருட்டுகிற நேரத்தில் ஒருவர் கடைசித் தடயத்தில் நிற்க, இன்னொருவர் முன்னே தேட வேண்டும். கிடைத்த பிறகு நூறு கிலோவைச் சுற்றி எடை உள்ள ஒரு உடலைப் புரட்டித் தோல் உரித்து, தொடை, முதுகு என்று பிரித்து, சூடு இறங்குவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். தடிமனான தோலை அப்படியே விட்டால் உள்ளே சூடு தங்கிக் கறி கெடும்.

இவ்வளவு கவனம் இருக்கிறது பாருங்கள். சுடுவதற்கு முன் இரண்டு ஜோடிக் கண், சட்டப் புத்தகம், பேரல் அளவு, காற்றின் திசை. இதே ஆட்கள் இறைச்சியைப் பெட்டியில் போட்டதும் வேட்டை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டாவது ஜோடிக் கண்ணுக்கு வேலை அப்புறம்தான் ஆரம்பிக்கிறது என்பது என் கட்சி.

சரி, ஃப்ரீசருக்கு வருவோம்.

இந்த நிகழ்வில் வேட்டை ஏற்பாட்டாளரே சொல்லியிருக்கிறார், கறியை உறைய வைத்தால் ஒட்டுண்ணி செத்துவிடும் என்று. அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. பன்றி இறைச்சிக்கு அப்படி ஒரு விதி உண்மையிலேயே உண்டு: ஆறு அங்குலத்துக்கு மேல் தடிமன் இல்லாத துண்டுகளை மைனஸ் 15 டிகிரி செல்சியஸில் 20 நாள் வைத்தால் ட்ரிக்கினெல்லா சாகும். வளர்ப்புப் பன்றியில் இருப்பது ட்ரிக்கினெல்லா ஸ்பைராலிஸ் என்ற இனம், குளிர் தாங்காது. அமெரிக்காவில் 1940-களில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்த நோய் வந்ததற்குப் பன்றி இறைச்சிதான் காரணம். பச்சை இறைச்சிக் கழிவைப் பன்றிக்குப் போடுவதைத் தடுத்தது, பண்ணைகள் சுத்தமானது, வீட்டுக்கு வீடு ஃப்ரீசர் வந்தது, மக்கள் நன்றாக வேகவைக்கப் பழகியது எல்லாம் சேர்ந்து அது ஏறக்குறைய ஒழிந்தது. நோய் போய்விட்டது, விதி மட்டும் பாட்டி வைத்தியம் மாதிரி மக்கள் வாயில் தங்கிவிட்டது.

வடக்கத்திக் கரடியில் இருப்பது வேறு இனம், ட்ரிக்கினெல்லா நேட்டிவா. துருவக்கரடி, ஆர்க்டிக் நரி, ஓநாய் இவற்றோடு வாழ்ந்து பழகியது. யோசித்தால் நியாயமும் தெரியும். செத்த நரியின் உடல் மாதக்கணக்கில் பனியில் உறைந்து கிடக்கும், அதை அடுத்த மிருகம் வந்து தின்னும்வரை தசைக்குள் இருக்கிற இளம்புழு உயிரோடு இருந்தால்தான் இந்த இனமே தொடர முடியும். அப்படிப்பட்ட தசையில் இது ஆண்டுக்கணக்கில் உறைந்தும் சாகாமல் இருந்தது பதிவாகியிருக்கிறது. அதற்கு நம் வீட்டு ஃப்ரீசர் எம்மாத்திரம்! இந்தக் குடும்பம் பன்றிக்குச் சொன்ன நாளைவிட இரண்டு மடங்குக்கு மேல் வைத்திருந்தது. மீதமிருந்த கறியைப் பிறகு சிடிசி ஆய்வகம் சோதித்தபோது, 110 நாள் உறைந்திருந்த துண்டிலும் இளம்புழுக்கள் நெளிந்தன.

அடுத்து அடுப்பு. கரடிக்கறி இயல்பிலேயே கறுத்த சிவப்பு. மாட்டிறைச்சி சுடுகிறவர்கள் நிறத்தை வைத்து வெந்ததா என்று பார்த்துப் பழகியவர்கள், அந்தக் கணக்கு இங்கே செல்லாது. முதல் சுற்றுக் கபாப் அரைவேக்காட்டில் தட்டுக்கு வந்துவிட்டது, தெரியாமல்தான். சிலர் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் உள்ளே வேகவில்லை என்று கவனித்து, எல்லாவற்றையும் திரும்ப அடுப்பில் போட்டார்கள். அதாவது தவறு அங்கேயே பிடிபட்டுத் திருத்தப்பட்டது, ஆனால் முதல் வாய் ஏற்கெனவே இறங்கிவிட்டது. காய்கறியும் அதே கறியோடு சேர்ந்து வெந்ததுதான். பச்சைக் கறியின் சாறு பட்ட அந்தக் காய்கறியைக் கறியைத் தொடாமல் ஒதுங்கியவர்கள் சாப்பிட்டார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரே கரண்டி, ஒரே கல் விஷயத்தில் செய்கிற அடத்தை நாம் கேலி செய்வோம், இந்த அறிக்கையைப் படித்த பிறகு நான் செய்வதில்லை.

உடலுக்குள் நடப்பது இது. தசையில் உறை கட்டிக்கொண்டு இருந்த இளம்புழுவை நம் வயிற்று அமிலம் கரைத்து வெளியே விடுகிறது. அது சிறுகுடலில் சில நாளில் வளர்ந்து, ஜோடி சேர்ந்து, பெண்புழு வாரக்கணக்கில் குஞ்சுப் புழுக்களை ஈன்றுகொண்டே இருக்கும். அவை ரத்தத்தில் ஏறி உடல் முழுக்கப் போய்த் தசைகளில் தங்கும். முதலில் வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வரலாம், வராமலும் இருக்கலாம். புழுக்கள் தசைக்குப் போகும்போதுதான் காய்ச்சல், கடுமையான தசைவலி, கண்ணைச் சுற்றி வீக்கம் எல்லாம். அளவு அதிகமானால் இதயத் தசையும் பாதிக்கப்படலாம்.

மினசோட்டா சுகாதாரத் துறையின் கவனத்துக்கு முதலில் வந்தவர் 29 வயது இளைஞர். விருந்து முடிந்து ஒரு வாரத்தில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. 17 நாளில் நாலு முறை மருத்துவரிடம் போயிருக்கிறார், இரண்டு முறை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். காய்ச்சல், தசைவலி, கண் வீக்கம், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் ஏற்றம், பாடப்புத்தகத்தில் இருக்கிற அத்தனையும் இருந்தன. ஆனாலும் இரண்டாவது முறை சேர்த்த பிறகுதான் கரடிக்கறி சாப்பிட்ட பேச்சு வந்தது. அது வந்ததும் எல்லாம் புரிந்துபோனது, அல்பெண்டசோல் கொடுத்தார்கள், ரத்தத்தில் ட்ரிக்கினெல்லாவுக்கு எதிரான எதிர்ப்புப் புரதமும் பிறகு உறுதியானது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே மருந்துதான், இங்கே ஒரு மாத்திரையோடு நிற்காது, நாளுக்கு இரண்டு வேளையாக ஒன்று இரண்டு வாரம் போகும். புழு குடலில் இருக்கும்போது கொடுத்தால் நன்றாகக் கேட்கும், தசையில் உறை கட்டிய பிறகு அவ்வளவாகக் கேட்காது. அதனால் அந்த 17 நாள் சும்மா போன நாள் இல்லை.

மருத்துவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. 2016 தொடங்கி 2022 வரை ஏழு ஆண்டில் சிடிசிக்குத் தெரியவந்த ட்ரிக்கினெல்லா நோய்ப்பரவல் நிகழ்வுகள் ஏழே ஏழு, நோயாளிகள் 35 பேர். பெரும்பாலானவற்றில் சந்தேகம் விழுந்தது கரடிக்கறி மேல்தான். ஒரு மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். நோயாளிதான் சொல்ல வேண்டும், அவருக்கோ அது ஒரு வாரம் முன்னால் சாப்பிட்ட பல சாப்பாட்டில் ஒன்று.

ஒன்பது பேரில் எட்டுப் பேரிடம் விசாரித்தார்கள். நோய் வந்த ஆறு பேரின் வயது 12-லிருந்து 62 வரை. நாலு பேர் கறியும் காய்கறியும் சாப்பிட்டவர்கள். மருத்துவமனையில் இருந்த மூன்று பேருக்கும் புழு மருந்து கொடுக்கப்பட்டது, மற்ற மூவரும் அது இல்லாமலே தேறினார்கள்.

இந்தக் குடும்பம் விதிவிலக்கு இல்லை. 2005-இல் பிரான்ஸிலிருந்து வடக்கு கியூபெக்குக்குப் போன வேட்டைக் கூட்டம் ஒன்று அங்கேயே கருங்கரடிக்கறி சாப்பிட்டு, கொஞ்சம் ஊருக்கும் கொண்டுபோய்ப் பகிர்ந்தது. 17 பேருக்கு நோய். 2008-இல் வடக்கு கலிபோர்னியாவில் ஒரு விருந்தில் கரடிக்கறி, வந்திருந்த 38 பேரில் 30 பேருக்கு. அந்த முறை இனம் ட்ரிக்கினெல்லா முரெல்லி, ஆகவே தெற்கே வந்துவிட்டால் கரடி சுத்தம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். கூட்டமாக வருவது இந்த நோயின் இயல்பு, ஏனென்றால் வேட்டையாடிய இறைச்சியை யாரும் தனியாக உட்கார்ந்து தின்பதில்லை. பெருமைக்காகவும் பாசத்துக்காகவும் பகிர்கிற சாப்பாடு அது.

அப்படியானால் கூட்டாளியாகப் போகிறவர் என்ன செய்யலாம்? தோல் உரிக்கிற இடத்திலேயே உதரவிதானம், நாக்கு, தாடைத் தசை இவற்றில் ஒரு துண்டைத் தனியாக எடுத்து வைக்கலாம், புழு அதிகம் சேர்கிற இடங்கள் அவை. சோதனைக்கு அனுப்ப வழி இருக்கிற இடத்தில் அனுப்பலாம். கனடாவின் உணவு ஆய்வு முகமைக்கு சஸ்கட்டூனில் இருக்கிற ஆய்வகம் இந்தப் புழு விஷயத்தில் பேர் பெற்றது. சோதனையில் இல்லை என்று வந்தாலும் அடுப்பு விதி மாறாது: கறியின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ், அதுவும் கண்ணால் பார்க்காமல், குத்துகிற தெர்மாமீட்டரால். உப்பு போடுவது, காய வைப்பது, புகை போடுவது, மைக்ரோவேவ் எதுவும் நம்பிக்கையானது இல்லை என்று சிடிசி தெளிவாகவே சொல்கிறது. பச்சைக் கறி பட்ட தட்டும் கத்தியும் வேறு, காய்கறிக்குக் கம்பியும் வேறு. என்னைக் கேட்டால் கரடிக்குக் கபாப்பே சரியான சமையல் இல்லை. சின்னத் துண்டு, வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கிற சூடு, ஒவ்வொரு துண்டுக்கும் வெவ்வேறு வேக்காடு. குக்கரில் விசில் விட்டுக் குழம்பாக வைக்கிற நம் ஊர் முறையில் இந்தக் கவலையே வராது, கரடியின் கடினமான தொடைக்கறிக்கும் அதுதான் பொருத்தம்.

அதோடு, பொட்டலம் கட்டி உறவுக்காரர்களுக்குக் கொடுக்கும்போது மேலே தேதியோடு "கரடி, 74 டிகிரி" என்று மார்க்கரில் எழுதிவிட வேண்டும். வேட்டைக்காரருக்குத் தெரிந்தது ஆறு வாரம் கழித்து அடுப்புப் பக்கம் நிற்கிற மச்சானுக்குத் தெரிந்திருக்காது. அப்படியும் யாருக்காவது இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோடு கண் வீங்கினால், மருத்துவர் கேட்பதற்கு முன்பே கரடிக்கறி சாப்பிட்டதைச் சொல்லச் சொல்ல வேண்டும்.